டிரம்ஸுக்கு மேலே இரண்டு மைக்

1987 ஜூன் 7, ஞாயிறு

காலையிலிருந்தே காற்று. காயப்போட்ட துணியெல்லாம் செம்மண். மறுபடி அலச வேண்டும்.

கச்சேரிக் குழுவுக்கு மாதிரி கேசட் ஒன்று வேண்டுமாம், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பேச வருகிறவர்களிடம் போட்டுக் காட்ட. காரிமங்கலத்திலேயே, குழுத்தலைவர் மாணிக்கம் அண்ணனின் கடலைக்காய் குடோனில் பதிவு. டேப்ரெக்கார்டர் என் பொறுப்பு. "தங்கச்சிக்குத்தான் பொறுமை இருக்குது" என்று அண்ணன் என் தலையில் கட்டிவிட்டார்.

பாட்டு நன்றாகவே வந்தது. என் வீட்டுக்காரர் வாசித்த டிரம்ஸ் மட்டும் மோசம். பொதுக்கூட்ட மைக் ஒன்றை எதிரில் நிறுத்தியதில், தகர டப்பாக்களை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி. கேட்டுவிட்டு வந்தவர் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தக் குழுதான் எங்கள் இருவருக்கும் சோறு. கேசட் சரியில்லையென்றால் முதலில் பேச்சு யாரைப் பற்றி வரும் என்று இவருக்குத் தெரியும்.

ஜூன் 9, செவ்வாய்

மேகம் மட்டும். மழை இல்லை. இருவரும் பஸ் பிடித்து தர்மபுரி, பாஷா பாயின் ஒலிபெருக்கிக் கடைக்கு. மைக்கை எதிரில் வைக்கவே கூடாதாம். டிரம்ஸுக்கு மேலே இரண்டு தொங்கவிட வேண்டுமாம். "மேல இருந்து பாத்தாத்தானேம்மா எல்லாம் ஒண்ணாத் தெரியும்?" என்றார் பாய்.

எங்கள் கைக்கு எட்டுபவை:

கூட்ட மைக்கே இன்னொன்று. கீழே போட்டாலும் உடையாது. ஆனால் பேச்சுக்கென்றே பிறந்தது.

பழைய கண்டென்சர் மைக் ஜோடி. மெல்லிய ஒலியையும் பிடிக்குமாம். பெங்களூரில் ஏதோ ஸ்டுடியோ கழித்துக்கட்டியது. உள்ளே பேட்டரி. ஒன்றுக்கு மூக்கு நசுங்கியிருக்கிறது.

டேப்ரெக்கார்டருக்குள் இருக்குமே, பட்டாணி அளவு மைக். பாயே பேனாக் குழாயில் பொருத்தி சால்டர் வைத்துத் தருவார். எல்லாவற்றிலும் மலிவு.

புது ஜோடி: விலை கேட்கவே இல்லை.

ஜோடியையும் பேனா மைக்குகளையும் "போட்டுப் பாத்துட்டுக் குடுங்க" என்று கொடுத்தனுப்பினார். திரும்பும்போது நூலகம் பூட்டியிருந்தது. படித்துக்கொண்டிருக்கும் நாவலின் இரண்டாம் பாகம் இந்த வாரமும் இல்லை.

ஜூன் 11, வியாழன்

குடோன் உத்தரத்தில் குறுக்கே மூங்கில் கட்டி, மைக்குகளைத் தொங்கவிட்டோம். சுற்றிலும் கடலைக்காய் மூட்டை. எதிரொலியே இல்லை. நான் பக்கத்து அறையில், காதில் ஹெட்போன்.

கண்டென்சர் ஜோடி: சிம்பலை, டிரம்ஸோடு நிற்கும் அந்தப் பித்தளைத் தட்டை, தட்டிய பிறகு அந்த ஒலி மெலிந்து மெலிந்து, எப்போது போனது என்று தெரியாமல் போகிறது. இவ்வளவு நேரம் அது உயிரோடு இருக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

பேனா மைக்: வடைச் சட்டி இரைச்சல். சிம்பல் கண்ணாடி உடைவது போல.

இவர் இரண்டையும் கேட்டார். "மொத ஜோடி மந்தம். டேப்புல சிம்பலே விழுகல. பேனாதான் சரி."

"எனக்கு மொதலுதான் நல்லாருக்குதுங்க."

"பொஸ்தகத்துல எது நல்லாருக்குதுன்னு நீ சொல்லு, கேட்டுக்கறேன். டிரம்ஸுக்குமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பல வருடமாக வாசிக்கிறவர். என் காதுதான் பழகாதது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வெள்ளி

மறுபடி தர்மபுரி. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடை வாசலில் வெயிலில் நின்றோம். வந்ததும் இவர் ஆரம்பித்துவிட்டார்.

"சிம்பல் விழுகாத மைக்கப் போயி எங்க தலைல கட்டப் பாக்கறீங்களே பாய்."

"என் மைக்குல ஒரு கொறையும் இல்ல தம்பி. வேணும்னா உங்க சிம்பல மாத்துங்க."

பாய் வயரை மாற்றினார். பேட்டரி மாற்றினார். அடுத்த சந்து பேண்டுசெட்காரரிடம் சிம்பல் கடன் வாங்கி வந்து, ஜோடியை அதன் மேல் பிடித்துப் பதிவு செய்து கேட்டோம். இவருக்கு அப்போதும் மந்தம்தான். பாய் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். கழற்றினார். என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர், "டீ சாப்புடறியாம்மா?" என்றார்.

ஜோடியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஜூன் 14, ஞாயிறு

புழுக்கம். பேனா மைக்கில் டிரம்ஸ் பதிவு முடிந்தது. இவருக்குத் திருப்தி.

மத்தியானம் சாப்பாடு. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் கையிலிருந்த கடிகாரம் கீச் கீச் என்றது.

"அதுக்குள்ள ரெண்டாயிருச்சா?" என்றேன்.

"நீ எதப் பாத்துச் சொல்ற?"

"உங்க வாட்ச்தான் கத்துச்சே."

"இதா? இது கத்தறத நிறுத்தி வருசமாவுது. அது கெட்டுப்போச்சு போல."

கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனேன். உப்பு எடுக்க என்று சொன்னேன். உப்பு இலையிலேயே இருந்தது.

ஜூன் 15, திங்கள்

வேலை ஓடவில்லை. பாலைப் பொங்கவிட்டேன்.

பேசும்போது என் உதட்டையே பார்ப்பார். கல்யாணமான புதிதில் அதை என்னவென்று எடுத்துக்கொண்டேன் என்று இங்கே எழுதவும் வெட்கம். சமையலறையிலிருந்து கூப்பிட்டுத் திரும்பாத நாட்களில் கோபம் என்று எண்ணி, நானும் பதிலுக்கு முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேடையில் இவர் உட்காருமிடம் எப்போதும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கம். எல்லா ஊரிலும்.

சொன்னால்? டிரம்ஸ் இல்லாத இவரை எனக்கே தெரியாது. சொல்லாவிட்டால் காதில் மிச்சமிருப்பதும் போகுமா? யாரிடம் கேட்பது? டாக்டர் என்று வாயெடுத்தாலே ஏன் என்பார்.

ஜூன் 17, புதன்

கேசட்டை எல்லோரும் கேட்டார்கள். பாதியிலேயே மாணிக்கம் அண்ணன் நிறுத்தினார்.

"என்னப்பா சேகரு இது? காதுல ஊசி ஏத்தற மாதிரி இருக்குது. இதக் கேட்டா எவன் நம்மளக் கூப்புடுவான்?"

இவர் முகம் சிவந்துவிட்டது. "இவதான் ரெக்கார்டர எக்குத்தப்பா வெச்சிருப்பா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாங்கண்ணா, நான்தான் அளவு கூட்டிட்டேன்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது பொய்.

ஞாயிறன்று பாயின் ஜோடியைக் கட்டி மறுபதிவு. அண்ணன் உத்தரவு. "சிம்பல் விழுகாது. அப்பறம் எங்கிட்ட வராதீங்க" என்றார் இவர்.

ஜூன் 19, வெள்ளி

பாயிடம் ஜோடியை வாங்கி வந்தாயிற்று. குடோனில் நாங்கள் இருவர் மட்டும், ஒத்திகை. டேப்பை இவருக்குப் போட்டுக் காட்டும்போது ஆம்ப்ளிஃபையரில் கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருப்பினேன். எனக்குப் பல் கூசியது.

இவர் தொடையில் தட்டினார். "இப்ப வந்துச்சு பாரு சிம்பலு!"

இத்தனை நாளில் இன்றுதான் அந்தச் சிரிப்பு.

படித்த கதைகளிலெல்லாம் பெரிய பொய்களுக்குப் பெரிய காரணங்கள். எனக்கு ஒரு குமிழ். இவருக்கு ஒரு அளவு, ஊருக்கு ஒரு அளவு என்று திருப்பித் திருப்பியே காலம் தள்ளிவிடலாம். அதை நினைத்தால்தான் பயம்.

ஜூன் 21, ஞாயிறு

விடியலில் தூறல். பத்து மணிக்குள் காய்ந்துவிட்டது.

பதிவு முடிந்தது. முதலில் இவரே ஓடி வந்தார் கேட்க. குமிழைக் கடைசிக்குத் திருப்பி வைத்திருந்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மாணிக்கம் அண்ணன் உள்ளே வந்தார்.

"அய்யோ, கொறைங்கப்பா! பல்லு கூசுது."

என் கை தானாகக் குமிழுக்குப் போனது. இவர் கண் திறந்து என் கையைப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்து ஒதுக்கினார். அண்ணன் முகத்தைப் பார்த்தபடியே குமிழைத் தானே திருப்பினார், கொஞ்சம் கொஞ்சமாக, அந்த முகச் சுளிப்பு போகும்வரை.

"ஆங், இப்ப ஜோரு. சிம்பல் என்னமா கேக்குது சேகரு!" என்றார் அண்ணன்.

எல்லோரும் டீக்கடைக்குப் போனார்கள். "நீ இரு" என்றார் இவர் என்னிடம்.

டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். "ஒருதரம் தட்றேன். சத்தம் நின்னதும் கையத் தூக்கு. நானும் தூக்கறேன்."

"எதுக்குங்க இதெல்லாம்?"

"தூக்கு, அவ்வளவுதான்."

தட்டினார். மூட்டைகளுக்கு நடுவில் நான். இவர் கண் என் கை மேலேயே.

சிறிது நேரத்தில் இவர் இடது கை மெதுவாக மேலே வந்தது. இவருக்கு நின்றுவிட்டது. கூடவே நானும் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. சிம்பல் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.