கத்தி முதுகில் கண்ணிமைப் பச்சை

ஜூன் 7, சனி
எட்டாவது கத்தி. முதுகு நெடுக அரத்தால் ராவி, படரும் கொடி மாதிரி பள்ளம் பள்ளமாக வேலைப்பாடு ஓட்டி முடித்தேன். மூன்று வாரம்! என் கைக்கு இவ்வளவு ஒழுங்கு உண்டென்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

என் மனைவி நரேலிடம் நீட்டினேன். வழக்கம்போல மஞ்சள் பிளாஸ்டிக் பிடிக் கத்தியால் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். இதுவரை செய்த ஏழில் ஒன்றைக்கூட அவள் சமையலறைக்குள் விட்டதில்லை.

"அழகாத்தான் இருக்கு, டேரில். ஆனா இந்தச் சந்துலயெல்லாம் செதில் போய் மாட்டிக்குமே, நீயா வந்து பல்குச்சியால நோண்டுவ?"

ஜூன் 9
சந்துகளை வண்ணம் கலந்த எபாக்சிப் பசை ஊற்றி அடைத்துவிட்டால்? ஊரில் கத்தி செய்கிற இன்னொருவன் கிளைவ்; அவனிடம் வாயை விட்டுவிட்டேன்.

"கத்திக்கு நகப்பூச்சா? அடுத்தது தோடு குத்துவியாடா?"

மாதக் கடைசியில் கத்திக் கண்காட்சிப் போட்டி வருகிறது, அங்கே பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு
வண்ணப் பொடிக்கு ஹோபர்ட் நகரம் வரை யார் போவது? நரேலின் பச்சைக் கண்ணிமைப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டினேன். (பாதி.) எபாக்சியில் கலந்து ஊற்றினால், அடடா, வெயில் பட்ட கடல்!

ஜூன் 16
இறுகவில்லை. தொட்டால் தேன். அளவு தப்பா? இல்லை, ஜூன் இங்கே குளிர்காலம், என் பட்டறைக் கொட்டகையில் நாலு டிகிரி. பசை எப்படி இறுகும்? நரேல் வேலைக்குப் போனதும் கத்தியை மின்சாரப் போர்வைக்கு அடியில் படுக்க வைத்தேன். எடுக்க மறந்தேன். மத்தியானம் வந்து சாய்ந்தவள் போட்ட கூச்சல்—

"என் பக்கத்துல கத்தி கிடக்கு! ஏதாவது சொல்லணும்னா வாயால சொல்லித் தொலையேன்!"

பிறகு உற்றுப் பார்த்தாள். "ஏய், இது என் பச்சையாச்சே?"

ஆனால் இறுகிவிட்டது.

ஜூன் 21
தேய்த்து மெருகேற்றினேன். விரல் ஓட்டினால் எஃகு எங்கே முடிகிறது, பச்சை எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை. ஒரு குமிழி கிடையாது. எனக்கு நானே கைகுலுக்கிக்கொண்டேன்.

ஜூன் 28, சனி
கண்காட்சி. நடுவர் முன்னால் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மஞ்சள் பிளாஸ்டிக் கத்தி.

"கொடி எங்கடா ஓடுது, வேலி தாண்டியா?" கிளைவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

நரேலுக்கு ஃபோன் போட்டேன்.

"படகுத்துறைல இருக்கேன்யா, கையெல்லாம் செதில். நாலு மீன் முடிச்சாச்சு. தண்ணியில ஒரு அலசு, உன் கத்தி பளிச்சுன்னு ஆயிடுது. வை, அப்புறம் பேசு."

"உங்க கத்தி எங்கே?" என்றார் நடுவர்.

கிளைவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்: "வேலைக்குப் போயிருக்கு."