இடது பக்கத்து ஸ்பீக்கர்

இன்று கடைத்தெருவில் பாச்சை உருண்டை வாங்கினேன். வெள்ளம் வடிந்த பிறகு வீடு முழுக்கச் சேற்று வாடை. பீரோவில் இருந்த புடவைகள்கூட நனைந்த சாக்கு மாதிரி நாறின. அடுக்களையில் நின்று பொட்டலத்தைப் பிரித்தேன். நெடி மூக்கில் ஏறியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களுக்கு அது பீரோவின் வாசனையாக இருக்கலாம். எனக்கு அது உங்கள் ஸ்பீக்கர்களின் வாசனை.

அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் தெருவுக்குள் வந்துவிடும். அப்போது நீங்கள் பழைய வேட்டித் துணியில் பாச்சை உருண்டைகளை முடிந்து, இரண்டு ஸ்பீக்கர்களுக்குப் பின்னாலும் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவீர்கள். பின்பக்கத்தில் இருக்கும் வட்ட ஓட்டையைக் காட்டி, "எலிக்கு இதுதான் வாசக்கதவு. உள்ள போயிட்டா வயரு, பஞ்சு எல்லாம் அதுக்கு விருந்து" என்பீர்கள்.

அந்த ஸ்பீக்கர்கள் நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? கூத்தாநல்லூரில், துபாயிலிருந்து திரும்பிவிட்ட ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனீர்கள். இடுப்புயரம் இருந்த அந்த இரண்டு மரப்பெட்டிகளையும் லோடு ஆட்டோவில் நம் கல்யாண மெத்தையை விரித்துப் படுக்கவைத்து, அவற்றைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் உட்கார்ந்து திருவாரூர் வரைக்கும் வந்தீர்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

"சீக்காளிய அழைச்சிக்கிட்டு வர்றாப்புல வர்றீங்களே" என்றேன்.

"இடிச்சிட்டா அவ்வளவுதான் செல்வி. வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள போயிடும்."

நெல் கொள்முதல் நிலையத்தில் பில் போடுகிற வேலை உங்களுக்கு. சீசன் நாட்களில் சட்டை, தலைமுடி, புருவம் எல்லாம் நெல் சுணையோடு வருவீர்கள். குளித்துத் துவட்டிவிட்டுத்தான் கூடத்துப் பக்கமே போவீர்கள். தூசி ஸ்பீக்கரின் முன்பக்கத் துணிவலைக்குள் போய்விடக் கூடாது. அடியில் கடப்பாக்கல் போட்டு உயர்த்தினீர்கள். யாரும் தடுக்கி இழுத்துவிடாதபடி வயரைச் சுவரோரம் பிளாஸ்டிக் பட்டிக்குள் ஓட்டினீர்கள். ஸ்பீக்கர் தலையில் காபி டம்ளர் வைத்த விருந்தாளிகளைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு மட்டும்தான் புரியும். கார்த்திகைக்கு வீடெல்லாம் விளக்கு வைப்பேன், அந்த இரண்டு தலைகளைத் தவிர. இடி இடித்தால் எங்கே இருந்தாலும் போன் வரும். "பிளக்கைப் புடுங்கிட்டியா?"

நம் மகள் கயல் நடக்க ஆரம்பித்தபோது அவள் பிடித்து இழுத்துச் சாய்த்துவிடுவாளோ என்று இரண்டையும் பெல்ட் போட்டுச் சுவரோடு கட்டினீர்கள். அப்படியும் ஒருநாள் வலையைத் தூக்கிவிட்டு நடுவில் இருந்த குமிழை விரலால் அமுக்கிவிட்டாள். அது உள்ளே குழிந்துபோனது. நீங்கள் வருவதற்குள் அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன். நீங்கள் தேடி வந்து அவளை வாங்கிக்கொண்டீர்கள். "அவ விரலுக்கு என்ன தெரியும்? மெத்துன்னு இருந்துச்சு, தொட்டா" என்றீர்கள். பிறகு டேப்பை ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இழுத்துக் குமிழை வெளியே கொண்டுவந்தீர்கள். மறுவாரம் வலைக்குமேல் கம்பிவலையும் வந்தது.

அடிக்கடி என்னையும் கூப்பிடுவீர்கள். "ஒரு நிமிஷம் வந்து நடுவுல உட்காரு. பாடறவங்க எங்க நிக்கிறாங்க, சொல்லு பார்ப்போம்."

"எங்க நிப்பாங்க, பெட்டிக்குள்ளதான்."

"இல்ல. ரெண்டுக்கும் நடுவுல, அந்தக் காலண்டர் கிட்ட. நல்லா கேளு."

நான் பார்த்தேன். காலண்டர்தான் இருந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய்விட்டேன்.

உங்கள் கண்ணைச் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் பில்லில் எழுத்து மறைந்தது. பிறகு படிக்கட்டு, பிறகு என் முகம். தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் அலைந்தோம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், "வயல்ல நடவு ஆயிடுச்சா?" என்று கேட்டீர்கள். ஜன்னலுக்கு வெளியே இருபுறமும் பச்சை விரிந்து கிடந்தது. "ஆயிடுச்சுங்க" என்றேன்.

வேலையை விட்டு வீட்டோடு இருந்த அந்தக் காலத்தில் ஸ்பீக்கர்கள்தான் உங்களுக்கு வழி காட்டின. பாட்டு ஓடினால் கூடத்தில் கோல் இல்லாமலே நடப்பீர்கள். எந்தப் பக்கம் சத்தம், எவ்வளவு தூரம் என்று காதே கணக்குப் போட்டுவிடும். ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்து, "காலண்டர் தெரியல செல்வி. ஆனா அவங்க அங்கதான் நிக்கிறாங்க" என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

கயல் கல்லூரிக்குப் போனபோதே பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டிருந்தீர்கள். "இனிமே யாரு வந்து இழுக்கப் போறா?" என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அன்று மத்தியானம் நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறீர்கள். கூடத்தின் பாதியில் வரும்போது கரண்ட் போய்விட்டது. எல்லாச் சத்தமும் ஒரே நொடியில் நின்றது. உங்களுக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. என் காதில் விழுந்தது பெரிய சத்தம். மரம் விழுந்தது போல.

ஓடி வந்தேன். இடது பக்கத்து ஸ்பீக்கர் மல்லாந்து கிடந்தது. அதன் மேல் நீங்கள். கம்பிவலை பிய்ந்து, உங்கள் கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது. ரத்தம்.

"எதும்மேல விழுந்தேன்?"

நான் உங்கள் கையை வெளியே எடுக்கப் பார்த்தேன்.

"செல்வி, எதும்மேல?"

"ஸ்பீக்கர்தாங்க. போவட்டும் விடுங்க. கையைக் காட்டுங்க."

கையைக் காட்டவில்லை. ரத்தத்தோடு விரல்கள் அந்தக் கிழிசலின் ஓரமாகவே போய் ஒரு சுற்று சுற்றி வந்தன. "நானே கிழிச்சிட்டேன்" என்றீர்கள். குழந்தையிடமிருந்து, எலியிடமிருந்து, இடியிடமிருந்து, என் துடைப்பத்திடமிருந்து எல்லாம் அதைக் காப்பாற்றினீர்கள். உங்களிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கும் என்று நாம் இருவருமே நினைக்கவில்லை.

கும்பகோணத்திலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தார். கிழிந்த கூம்புக்கு இந்த அளவு கோன் இப்போது வருவதில்லை, வேறு போட்டால் ஜோடி சேராது என்றார். வலது பக்கத்தை மட்டும் வைத்துக் கேட்டுப் பார்த்தீர்கள். நாற்காலியை நகர்த்தினீர்கள், திருப்பினீர்கள், எழுந்து நின்றீர்கள். "எல்லாம் ஒரே பக்கமா இருக்கு. அவங்களைக் காணோம்" என்றீர்கள். சில நாட்கள் கழித்துப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னீர்கள். அன்று வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. இடி எதுவும் இல்லை.

கயல் சென்னையிலிருந்து உள்ளங்கையளவு ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்து உங்கள் கையில் வைத்தாள். "இது கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுப்பா. தண்ணி பட்டாலும் ஆகாது" என்றாள். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே ஆகாததுக்குள்ள என்னம்மா இருக்கப் போவுது" என்றீர்கள். அவள் கண் கலங்கியது உங்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அப்புறம் கிட்னி. டயாலிசிஸ் நாட்களில் போகும்போதும் வரும்போதும் பேச்சு இல்லை. வீட்டில் அதே நாற்காலி, அதே மூலை. நான் டிவியைப் போட்டால் "வேணாம்" என்பீர்கள். கதையாவது படித்துக் காட்டட்டுமா என்றால் அதுவும் வேண்டாம். கண் போனபோதுகூட என்னோடு இருந்தீர்கள். பாட்டு போன பிறகு நீங்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றதை டாக்டர் வந்து சொன்னார். அதற்கு வெகுநாள் முன்பே நான் தனியாகத்தான் இருந்தேன்.

உங்களைக் கூடத்தில் கிடத்த இடம் வேண்டும் என்று உங்கள் அண்ணன் பிள்ளைகள் இரண்டு ஸ்பீக்கர்களையும் வாசலுக்கு இழுத்தார்கள். தூக்கவில்லை, இழுத்தார்கள். கடப்பாக்கல்லில் மரம் தேய்கிற சத்தம் கேட்டது. வாசல் பந்தலில் ஒன்றின் தலைமேல் காபி டம்ளர்களை அடுக்கினார்கள். இன்னொன்றைப் படுக்கப்போட்டு அதன்மேல் யாரோ உட்கார்ந்து பேப்பர் படித்தார். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆயுசு முழுக்க "அதைத் தொடாதீங்க" என்று சொன்னவளுக்கு அன்று வாய் வரவில்லை. யாருக்காகச் சொல்வது?

இந்த ஐப்பசி மழையில் ஓடம்போக்கி ஆறு கரை மீறித் தெருவுக்குள் வந்தது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து, "அக்கா, போட்டதைப் போட்டபடி போட்டுட்டு மேல வாங்க" என்று கத்தினார்கள். தண்ணீர் கூடத்துக்குள் நுழைந்து கணுக்காலுக்கு ஏறியது. அரிசி மூட்டை கீழே இருந்தது. கயலின் சர்டிபிகேட் பெட்டி கீழே இருந்தது. காரியம் முடிந்து மறுபடி கூடத்துக்கே வந்துவிட்டிருந்த அந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் நான் ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கி உங்கள் கட்டிலில் படுக்கவைத்தேன். கிழிந்ததையும் சேர்த்துத்தான். எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியவில்லை. அரிசி நனைந்துவிட்டது. சர்டிபிகேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "என்னம்மா இது" என்று போனில் கேட்டாள் கயல்.

ஸ்பீக்கர்கள் இன்னும் கட்டிலிலேயே கிடக்கின்றன. இறக்கி வைக்க ஆள் கூப்பிடவில்லை. நேற்று மெல்ல அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் அடிக்கடி கேட்கும் பாட்டு ஒன்றை நினைத்துப் பார்த்தேன். ஒரு வரியாவது வரும் என்று வெகுநேரம் காத்திருந்தேன். வரவில்லை. ராகமும் வரவில்லை, குரலும் வரவில்லை. எத்தனை வருஷம் இந்த வீட்டில் ஓடியது. நான் ஒன்றையும் கேட்கவில்லை போலிருக்கிறது. வயரை யார் மிதிக்கிறார்கள், டம்ளரை யார் வைக்கிறார்கள், மேகம் எந்தப் பக்கம் கறுக்கிறது என்றுதான் நானும் உங்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீங்கள் பயந்தது ஒவ்வொன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் கேட்டது எதுவும் என்னிடம் இல்லை.