நீங்கள் நேர்ந்துகொண்ட என் முடி

பளபளக்கும் தலைக்காரரான என் அப்பாவுக்கு,

கடுதாசி எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். "போன்ல ரெண்டு வார்த்த சொல்றதுக்கு எதுக்கு அம்மிணி காயிதம்?" என்றுதான் கேட்பீர்கள். அதுவும் நாலு பேர் படிக்கிற இடத்தில் நம் வீட்டு விஷயத்தை எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் எனக்கு வாயில் வராதது கையில் வரும், அது உங்களுக்குத் தெரியும். நம் கொள்ளேகாலம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முழுக்கக் கன்னடத்தில் படித்தவள் நான். தமிழ் எழுத்து அம்மா சொல்லிக்கொடுத்தது. பிழை இருந்தால் அம்மாவைக் கேளுங்கள்.

சங்கதி இதுதான். முளைத்திருக்கிறது அப்பா. என் தலையில், வகிட்டுக்கு இரண்டு பக்கமும், புது முடி முளைத்திருக்கிறது.

கம்பெனி பஸ் மைசூர் ஹெப்பாள் பக்கம் திரும்பும்போது காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும். அந்த வெளிச்சத்தில் போன் கேமராவைத் தலைக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். மக்காச்சோளம் விதைத்துவிட்டு நீங்கள் காட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணை மண்ணுக்கு நேராக வைத்துப் பார்ப்பீர்களே, நின்று பார்த்தால் தெரியாது, சாய்ந்த வெயிலில்தான் பச்சை தெரியும் என்று. அதே மாதிரிதான் தெரிந்தது. சின்னச் சின்னதாக, மெல்லிசாக, நிமிர்ந்து நின்றன. பக்கத்து சீட்டு அக்கா என்ன நினைத்தாரோ, நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போகும்போது என் முடி இடுப்பு வரை இருந்தது. அதனால் நடுவில் நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது. கடைசி வருஷப் பரீட்சைக்கு முன்னால் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். பரீட்சை எழுதினேன், தேறினேன், மைசூரில் வேலை கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷம் கொட்ட ஆரம்பித்தது. தலையணையில், சீப்பில், சாப்பாட்டில். நான் தங்கியிருக்கிற பி.ஜி. விடுதிக் குளியலறையில் தண்ணீர் தேங்கினால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

வகிடு ரோடு மாதிரி அகலமானது. நான் எப்போதுமே பின்னால் உட்காருகிற ஆள். இப்போது அதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. பஸ்ஸில் கடைசி வரிசை, மீட்டிங்கில் சுவர் ஓரம், லிஃப்டில் மூலை. என் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. எந்த அறையில் எந்த விளக்கு நேராகத் தலையில் விழும் என்று எனக்கு மனப்பாடம். மல்லிகை வைப்பதை நிறுத்திவிட்டேன், சரத்தைத் தாங்குகிற அளவுக்குக்கூட முடி இல்லை.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏங்கண்ணு, உங்கப்பா நேந்துகிட்டத நாம இன்னும் செய்யல. அதாங் கொட்டுது" என்றாள்.

ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? எனக்கு மைசூரில் காலேஜ் கிடைத்த சந்தோஷத்தில் மூன்று பேரும் மாதேஸ்வரன் மலைக்குப் போயிருந்தோம். நீங்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு முடி எடுக்கிறவர் முன்னால் போய் உட்கார்ந்தீர்கள். அவர் உங்கள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, நான் எங்கீங்க கத்தி வெக்கறது? ஓரத்துல நாலு இருக்குது, அதுவும் வெக்கப்பட்டுட்டு நிக்குது."

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நீங்கள்தான்.

"அப்பறம் சாமிக்கு என்னத்தக் குடுக்கறது?"

"வேற தல ஏதாச்சும் இருந்தாக் காட்டுங்க."

நீங்கள் திரும்பி என் இரட்டைச் சடையைப் பார்த்தீர்கள். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஏனுங்க, வயசுப் புள்ளைங்க" என்று உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நீங்கள் கேட்கவில்லை. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "மாதப்பா, இவ பட்டம் வாங்கிட்டு வரட்டும். இவ தலையில இருக்கறது அத்தனையும் உனக்கு" என்றீர்கள்.

என்னை யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மட்டும், "கோவமா அம்மிணி?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். "இல்லீங்கப்பா" என்றேன். பொய் இல்லை. அப்போது முடி எனக்குக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி, எடுக்க எடுக்க ஊறும் என்று நினைத்திருந்தேன்.

என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது ரஷ்மி. என்னோடு அறையில் இருக்கிற பெண், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முகத்தை மூடிப் படுத்திருந்தேன். போர்வையை உருவிவிட்டாள். "எங்க ஊர்ல ரங்கநாதர்தான் படுத்தே இருப்பாரு, அவர் பெருமாள். நீ யாருடி? எந்திரி, டாக்டர்கிட்ட போலாம்" என்று கன்னடத்தில் ஒரு சத்தம் போட்டாள்.

தோல் டாக்டர் ஒரு அம்மா. முதலில் ரத்தம் பார்த்து, இரும்புச்சத்துக்கு மாத்திரை கொடுத்தார். தலைக்குத் தடவ ஒரு மருந்து கொடுத்தார். "வீட்ல யாருக்காவது இப்படி உண்டா?" என்று கேட்டார். நான் போனை எடுத்து, போர்வெல் பக்கத்தில் நீங்கள் வெயிலில் நிற்கிற படத்தைக் காட்டினேன். அதில் உங்கள் தலையில் சூரியனே தெரியும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இதுக்கு மேல சாட்சி வேண்டாம்" என்றார். பெண்களுக்கு உங்களைப் போல முழுசாகப் போகாதாம், வகிடு அகலமாகி நடுவில் மெலிந்து போகுமாம். உடம்பில் இருந்தது, உங்கள் சாவின் அதிர்ச்சியில் வேகமாக வெளியே வந்திருக்கலாம் என்றார்.

மாத்திரையும் மருந்தும் மட்டும் போதவில்லை. அப்போதுதான் பி.ஆர்.பி. என்று ஒன்று சொன்னார். அம்மாவுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கிவிட்டது என்று நீங்கள் பப்பாளி இலை தேடி ஊர் ஊராக அலைந்தீர்களே, அதே பிளேட்லெட்தான். காயத்தை ஆற்றுகிற சரக்கு அதில் இருக்கிறதாம். நம் ரத்தத்திலிருந்தே அதைப் பிரித்துச் சேர்த்து, தூங்குகிற முடி வேருக்கு ஊசியில் கொடுப்பார்கள். "எல்லாருக்கும் கேக்காது. கேட்டாலும் விட்டு விட்டுப் போட்டுக்கிட்டே இருக்கணும். இல்லாத வேரை என்னால உண்டாக்க முடியாது" என்றார். கொள்ளேகாலத்தில் விதை விற்கிறவர்கள்கூட இதைவிடப் பெரிய உறுதி கொடுப்பார்கள். அதனால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

நீங்கள் ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவீர்கள். நான் உங்களுக்கும் சேர்த்துப் பார்த்தேன். கையிலிருந்து எடுத்த ரத்தத்தைச் சின்ன ட்யூப்களில் ஊற்றி ஒரு மெஷினுக்குள் வைத்தார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் ஊர் பால் டைரியில் கொழுப்புப் பார்க்க ட்யூபைப் போட்டுக் கையால் சுற்றுவார்களே, நீங்கள் பால் ஊற்றிவிட்டும் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பீர்களே, அதே வேலைதான். இது கரண்டில் சுற்றுகிறது. நின்றதும் சிவப்பு கீழே இறங்கிவிட்டது. மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாக ஒரு நீர். என் உடம்புக்குள் இவ்வளவு அழகான நிறம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது அப்பா. எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். "படும்மா, உன்னோடதுதான், எங்கயும் ஓடாது" என்றார் நர்ஸ்.

மரத்துப்போக க்ரீம் தடவியும் நெற்றி ஓரத்தில் வலித்தது. ஊசி ஊசியாக வகிட்டின் வழியே போட்டுக்கொண்டு போனார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. ரஷ்மி காலைப் பிடித்துக்கொண்டு, "சாமி வந்த மாதிரி ஆடாதே" என்று மிரட்டினாள். மாதம் ஒரு தடவை என்று சில மாதம் இப்படியே போனது. சம்பளத்தில் ஒரு பங்கும் போனது, அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

வழுக்கையும் உங்களிடமிருந்து வந்தது, மருந்தான ரத்தமும் உங்களிடமிருந்துதான் வந்தது. இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. உங்களிடம்தான் சொல்ல முடியும்.

போன வாரம் டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முன்பு ஒற்றை ஒற்றையாக நின்ற இடத்தில் இப்போது பக்கத்தில் ஒரு பிள்ளை முடி. சில இடம் இன்னும் வெறும் தரைதான். "உனக்குக் கேக்குது" என்று மட்டும் சொன்னார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

அதற்கு மறுநாள் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் அண்ணா கண்ணாடியில் பார்த்து, "என்னம்மா, இன்னிக்குத்தான் சேந்தீங்களா?" என்று கேட்டார். அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் பாடம் எடுக்க யார் வருகிறீர்கள் என்று மேனேஜர் கேட்டபோது கை தூக்கினேன். நான்தான். அடுத்த மாதம், மேடை போட்ட பெரிய ஹாலில், நேராகத் தலையில் விழுகிற விளக்குக்குக் கீழே.

இப்போது அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை மைசூர் வந்தாள். என் தலையை மடியில் வைத்து விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு, "பாத்தியா, மாதப்பன் குடுத்துட்டான். இனி நாம குடுக்கறதக் குடுத்துட்டு வந்துரலாம்" என்றாள். கொட்டியபோதும் அவர், முளைத்தபோதும் அவர். நான் எந்தப் பக்கம் போவது, சொல்லுங்கள்.

"பூமுடி குடுத்தாப் போதாதாம்மா? மூணு கொத்து மட்டும் வெட்டிக் குடுத்தா?"

"அத்தனையும்னு சொன்னது உங்கப்பா. கொறைக்கறதுன்னா அவருதான் வந்து கொறைக்கோணும்."

"அவரு எப்படிம்மா வருவாரு?"

"எனக்கென்ன தெரியும்? நீதான படிச்சவ."

மொட்டை போட்டால் வேர் கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்வார் என நினைத்துப் போன் செய்தேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, தாராளமா எடுக்கலாம்" என்றுவிட்டார். அவரும் அம்மா கட்சி.

அம்மாவுக்கு என்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் என் வகிட்டை ஒரு தடவை தொட்டாள். "சரி, திங்கக்கெழம நம்மூரு மாதேஸ்வரன் கோயில்ல பூ கேட்டுப் பாக்கலாம். சாமி தலையிலிருந்து வலது பக்கம் பூ விழுந்தா பூமுடி போதும். எடது பக்கம் விழுந்தா மலைக்குப் போய் மொட்டைதான். அதுக்கப்பறம் ஒரு பேச்சு பேசக் கூடாது" என்றாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஆசைதான் அப்பா, உங்களிடம் மறைக்க மாட்டேன். இந்தக் குட்டி முடிகள் நீண்டு, என்றைக்காவது ஒரு தடவை மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு அந்த மாதிரி மேடையில் நிற்க ஆசை. அவை இன்னும் சீப்பில்கூட மாட்டவில்லை.

ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். இடது பக்கம் விழுந்தால் அம்மாவோடு மலைக்குப் போவேன். முகம் சுளிக்காமல் குனிந்து உட்காருவேன். பிறகு மொட்டைத் தலையோடேயே அந்த ஹாலில் ஏறி நிற்பேன், சுவர் ஓரம் போக மாட்டேன். யாராவது கேட்டால், என் அப்பா நேர்ந்துகொண்டது என்று மைக்கிலேயே சொல்வேன். ஊசியும் விடாமல் போட்டுக்கொள்வேன். நீங்கள் கொடுத்த வார்த்தை என்னால் கெடாது.

இனி, இவ்வளவு நேரம் கேட்கத் தயங்கியதைக் கேட்கிறேன்.

நீங்கள் இருக்கிற இடத்தில் இழந்ததெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்கிறார்களே, நிஜமா? அப்படியென்றால் உங்களுக்கும் முடி முளைத்திருக்குமா? உங்களை முடியோடு நினைத்துப் பார்க்க எனக்கு வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் முளைத்திருந்தால், அப்பா, திங்கட்கிழமைக்குள் அதை இறக்கிக் கொடுத்துவிடுங்கள். "அன்றைக்கு என் தலையில் ஒன்றும் இல்லை மாதப்பா, அதனால்தான் பிள்ளை தலையைக் காட்டினேன், இப்போது இருக்கிறது, இதை எடுத்துக்கொள்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மூன்று கொத்து நான் கொடுக்கிறேன். மிச்சம் உங்களுடையது.

வலது பக்கம் அப்பா. மறந்துவிடாதீர்கள்.

உங்கள் தலையைக் கொண்டு பிறந்த மகள்,
அம்மிணி