அம்மாவின் ஊரும் தங்கச்சியின் மார்க்கும்

என் ஆசை அம்மாவுக்கு,

நீ போன பிறகு வீட்டில் நடந்ததையெல்லாம் சொல்ல ஆளில்லாமல் இதை எழுதுகிறேன். அப்பாவிடம் சொன்னால் அவர் முகம் வாடிவிடும். தர்ஷினியிடம் சொல்ல முடியாது, சங்கதியே அவளைப் பற்றியதுதான். உன்னிடம் சொன்னால் திட்டுவாய். பரவாயில்லை, திட்டு.

முதலில் நல்ல சேதி. போன வருஷம் தர்ஷினி நீட் தேர்வில் நம் முகாமில் யாரும் கண்ணால் பார்த்திராத மார்க் வாங்கினாள். அரசுப் பள்ளிப் பிள்ளை, இந்த மார்க்குக்கு மெடிக்கல் காலேஜில் இடம் உறுதி என்று அவள் டீச்சர் சொன்னார். அப்பா பெயின்ட் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கையெல்லாம் நீலமாக, லட்டுப் பெட்டியோடு ஓடி வந்தார். நீ இருந்திருந்தால் முகாமே கேட்கிற மாதிரி சத்தம் போட்டிருப்பாய்.

கலந்தாய்வுக்குப் பெயர் கொடுக்கப் போன இடத்தில் இந்தியக் குடியுரிமை இருக்கிறதா என்று கேட்டார்கள். இவள் முகாம் அட்டையைக் காட்டினாள். இலங்கை அகதிகளுக்கு இதில் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவள் அம்மா அவள். கடலைக்கூட இன்னும் நேரில் பார்த்ததில்லை.

கலைக்கல்லூரி என்றால் சேர்த்துக்கொள்கிறார்கள், அரசாங்கமே பீஸும் கட்டுகிறது. அதைக் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். தர்ஷினி இப்போது விலங்கியல் படிக்கிறாள். டாக்டர் படிப்புக்குத்தான் வழியில்லை.

எனக்கும் இதேதான் நடந்தது, உனக்குத் தெரியும். என் மார்க் சுமார், கிடைத்தாலும் கிடைத்திருக்கும் என்கிற ரகம். அதனால் பட்டப்படிப்பு ஒன்றைப் படித்துவிட்டு, சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் ஆர்டர் எழுதுகிற வேலைக்குப் போய்விட்டேன். என்னைத் திருப்பி அனுப்பிய அன்றைக்கு நீ ஒரு வார்த்தை பேசாமல் அடுப்படியிலேயே நின்றாய். அப்போது எதையோ சொல்ல வந்தாயா அம்மா? உன் ஊரைப் பற்றியா?

இனிமேல் உன்னை யாரும் முகாமை விட்டு வெளியேற்ற முடியாது, அதனால் எல்லோரும் கேட்கவே சொல்கிறேன். நீ இலங்கை மன்னார்க்காரி இல்லை, சிவகாசிப் பக்கத்து நாரணாபுரத்துக்காரி. பயராபீஸில் பட்டாசுச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தவள், அங்கே குடோனுக்கு வெள்ளையடிக்க வந்த முகாம் பையனைக் கட்டிக்கொண்டாய். உன் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். முகாமிலோ வெளியாள் தங்கக் கூடாது. நீயும் மன்னாரில் பிறந்தவள்தான் என்று எழுத வைத்து உள்ளே வந்துவிட்டாய். புருஷனோடு ஒரே வீட்டில் இருப்பதற்காகத் தன்னைத்தானே அகதியாக்கிக்கொண்டவள் உன்னைத் தவிர வேறு யார் இருக்கப் போகிறார்கள்?

அதிகாரி தலையெண்ண வருகிற காலைகளில் உன் பேச்சே மாறிவிடும். "ஓம் ஐயா, வந்திட்டன் ஐயா" என்று பவ்யமாகப் போய் நிற்பாய். அவர் ஜீப் ரோட்டில் ஏறியதும், "ஏத்தா, அடுப்புல பாலு பொங்குது, அங்கன என்ன வேடிக்கை?" என்று சொந்தக் குரல் திரும்பிவிடும். நானும் தர்ஷினியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். வெளியே சொன்னால் அம்மாவைப் பிரித்துவிடுவார்கள் என்பது மட்டும் எங்களுக்குப் புரிந்திருந்தது.

தர்ஷினி அழுது ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா இந்தியாக்காரி என்றால் நாங்கள் யார்? மதுரையில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். "உங்க அம்மா இந்த ஊர்ப் பொண்ணுதான்னு சொல்ல ஆள் இருக்கா?" என்று கேட்டார். உன் தம்பியைத் தவிர யார் இருக்கிறார்கள்?

மாமா நாரணாபுரத்தில் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருக்கிறார். நான் போன அன்று தீபாவளி சீசனுக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. முத்துலட்சுமி மகள் என்று சொன்னதும், கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். உன் மூக்கு எனக்கு இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "வா தாயி, வா. அக்கா சொகமா இருக்காளா?" என்று கேட்டார்.

"அம்மா இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு மாமா" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். மனுஷன் அப்படியே பெட்டிக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தா இருக்கு உங்க முகாம், சைக்கிள்ல போற தூரம். ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதா? பொறந்த வீட்டுக் கோடி இல்லாமலா எங்கக்காளை அனுப்புனீக?"

ஆமாம் அம்மா, உன் மேல் பிறந்த வீட்டுச் சேலை விழவில்லை. தம்பி என்று அவர் ஒரு தடவை வந்து நின்றால் உன் மன்னார்க் கதை கிழிந்துவிடும் என்று பயந்து, அவரை வரவேண்டாம் என்று நீயே சொல்லிவிட்டிருந்தாய். அவரோ இத்தனை வருஷமும் அக்காவுக்குக் கோபம் ஆறவில்லை என்று நினைத்திருந்தாராம். விஷயத்தைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோடி போடத்தான் குடுத்துவைக்கல. கோர்ட்டுல வந்து எங்கக்காதேன்னு சொல்ல எனக்கு என்ன வந்தது?" என்றார். சொன்னபடியே வேலையைப் போட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் மதுரைக்கு வந்தார்.

போன வாரம் வக்கீலம்மா போன் பண்ணினார். "உனக்குக் கிடைச்சிருச்சும்மா. நீ இந்தியப் பிரஜைன்னு சொல்லிட்டாங்க" என்றார். தர்ஷினிக்கு என்று கேட்டேன். அவள் மனுவைத் தள்ளிவிட்டார்களாம்.

நான் பிறந்த வருஷத்தின் கடைசியில் சட்டம் மாறிவிட்டதாம். அதற்கு முன் பிறந்த பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். பின்னால் பிறந்த பிள்ளைக்கு அது போதாது, மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. குண்டு விழுகிற ஊரிலிருந்து அப்பா பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா படகேறுவார்? தர்ஷினிக்காக நான் தட்டிய கதவு எனக்கு மட்டும் திறந்துவிட்டது.

அப்பா, "உன்ட அம்மா எனக்காக விட்டது உன்னட்டத் திரும்பி வந்திருக்கு பிள்ளை" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். பக்கத்து வீட்டு அக்கா, "நீ இனி இந்தியாக்காரி, எங்களை மறந்திடாத" என்று கன்னத்தைக் கிள்ளினார். பாசத்தோடுதான் சொன்னார். ஆனாலும் குழாயடிக்கு நான் போனால் பேச்சு சட்டென்று குறைகிறது. எத்தனை பேர் எத்தனை வருஷமாக மனு போட்டுக் காத்திருக்கிறார்கள், அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? இத்தனை வீடுகளுக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் தனியாக நிற்கிறேன் அம்மா. நீயும் இப்படித்தானே இருந்திருப்பாய்? உன் ஊர் ஞாபகம் வந்தால் யாரிடம் பேசினாய்? நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோமே தவிர ஒரு நாளும் கேட்கவில்லையே.

நேற்று காலையில் தர்ஷினி தன் பழைய நீட் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

"நீ எளுதுக்கா. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டையும் உனக்குச் சொல்லித் தாரேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மார்க் உங்கிட்ட இருக்கு, நாடு எங்கிட்ட இருக்கு. இதை வச்சுக்கிட்டு நான் என்னடி செய்ய?" என்று கத்திவிட்டேன்.

அவள் அசரவில்லை. "ரெண்டும் ஒரே வீட்டுலதானக்கா இருக்கு" என்றாள்.

அப்புறம் நான் அழுதேன். அவள் உயிரியல் புத்தகத்தைத் திறந்து முதல் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள். நான் தப்பாகச் சொன்னால் தலையில் குட்டுகிறாள். சரியாகச் சொன்னால் சிரிக்கிறாள், சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்க்கிறாள். அவளுக்கு வலிக்காமலா இருக்கும்? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் பாஸ் ஆவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், என் மூளை உனக்குத் தெரியும். ஆனால் எழுதுவேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவள் வழக்கை விட மாட்டேன். மாமாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்க்கொண்டே இருப்பேன். ஒருவேளை எனக்கு இடம் கிடைத்து, என்றைக்காவது யாராவது என்னை டாக்டர் என்று கூப்பிட்டால், நான் முதலில் அவளைத் திரும்பிப் பார்ப்பேன். உன் மேல் சத்தியம்.

உன் மூத்தவள்,
தர்ஷினியின் அக்கா