பால்கோவா சாம்பியன்

பிப்ரவரி 6, வியாழன்

மில்லில் பகல் ஷிப்ட். முடிந்ததும் ராஜபாளையத்திலேயே குத்துச்சண்டைப் பயிற்சி. சமுத்திரம் சார் பட்டாளத்தில் கோச்சாக இருந்தவர், பாராட்டை ரேஷனில்தான் தருவார். இன்று "இடது கை பரவால்ல" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு மாவட்டப் போட்டி. என் எடைப் பிரிவில் இரண்டே பேர். நான், வ. புதுப்பட்டி பரிபூரணம். அவள் குத்தினால் மணல்மூட்டை கிழியுமாம். கிழியட்டும், நான் என்ன மூட்டையா?

பிப்ரவரி 8, சனி

மானம் போச்சு. அம்மாவின் தம்பி சோலைச்சாமி மாமா தன் பால்கோவா கடை வாசலில் பிளெக்ஸ் கட்டிவிட்டார். 'மாவட்ட சாம்பியன் ஜெயசித்ராவை வாழ்த்துகிறோம்.' ஆளுயரத்துக்கு நான். கீழே தபால்தலை அளவில் சொந்தக்காரர்களின் தலைகள்.

"மாமா, போட்டியே நாளைக்குத்தான்."

"ஜெயிச்ச பொறவு போனா பிரஸ்ல கூட்டமா இருக்கும்ட்டி."

பிப்ரவரி 9, ஞாயிறு

சாம்பியன் ஆகிவிட்டேன். யாரையும் குத்தவில்லை.

நடந்தது இதுதான். நேற்று சாயங்காலம் பரிபூரணம் எங்கள் ஊரில் இருக்கும் அவள் சித்தி வீட்டுக்கு வந்திருக்கிறாள். போகிற வழியில் பிளெக்ஸைப் பார்த்து நின்றிருக்கிறாள். மாமா சும்மா விடுவாரா? கூப்பிட்டு உட்காரவைத்து, சுடச்சுட இலையில் பால்கோவா. தின்னத் தின்ன வைத்திருக்கிறார். போதாததற்கு ஒரு பொட்டலம் வேறு. எடைக்காக வயிற்றைக் கட்டியிருந்த பிள்ளை, பாவம். காலையில் தராசில் ஏறினாள், எடை கூடிவிட்டது. அவளை விலக்கிவிட்டு, என் கையைத் தூக்கி, கழுத்தில் மெடலும் போட்டுவிட்டார்கள்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணுனீக?"

"ஊருக்கு வந்த புள்ளைய வெறும் வாயோட அனுப்பச் சொல்லுதியா? கடை வச்சிருக்க மனுசன்லா நான்!"

சத்தியமாக அவருக்கு வேறு எண்ணம் இல்லை. யார் நம்புவார்கள்?

பிப்ரவரி 11, செவ்வாய்

யாரும் நம்பவில்லை. மில்லில் என் பெயர் இப்போது 'பால்கோவா சாம்பியன்'.

பிப்ரவரி 13, வியாழன்

கோபம் கோபமா வருது. யார் மேல? மாமா மேலயா? மெடல் மேலயா? மாநிலப் போட்டிக்கு நான்தான் போகணுமாம். அவள அடிச்சிருப்பேனா மாட்டேனா, அதுவே தெரியாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?

மாவட்ட அணிக்கும் சார்தான் கோச், அவரிடமே கேட்டுவிட்டேன். எங்கள் இருவரையும் மோதவிடுங்கள், ஜெயித்தவள் போகட்டும்.

"கையில இருக்கத ஏம்மா கீழ போடுத?"

"கையில இல்ல சார், கழுத்துலதான் தொங்குது. உறுத்துது."

சரி என்றார்.

பிப்ரவரி 22, சனி

நாளை மோதல். பரிபூரணத்தின் சித்தி ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசத்தோடு வந்தாள். "ஒங்க மாமா அம்புட்டு மரியாதை செஞ்சாக, பதிலுக்குச் செய்யாண்டாமா?" என்று ஒரு சிரிப்பு. அம்மாவும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கி வைத்துவிட்டாள்.

நெய் வாசனை வீட்டையே தூக்குகிறது. நான் தொடவில்லை. மாமா தொட்டார். தூக்குச்சட்டி காலி.

பிப்ரவரி 23, ஞாயிறு

இருவருக்கும் எடை சரி.

தோற்றுவிட்டேன்.

முதல் சுற்றிலேயே மூக்கு. இரண்டாவதில் என் இடது கை அவள் தாடையில் விழுந்தது — ஆகா, அந்தச் சத்தம்! மூன்றாவதில் யார் யாரை அடித்தோம் என்று நினைவில்லை. கடைசிவரை நின்றேன், அது நினைவிருக்கிறது.

அழுதேன். வலிக்காக இல்ல. ஜெயிக்கணும்னுதான போனேன்!

மெடலை அவள் கழுத்தில் போட்டேன். "ஏட்டி, காது இன்னும் கொய்யிங்குது" என்று கட்டிக்கொண்டாள். மேடையோரம் மாமா, கையில் பொட்டலம். "இப்பத் திங்கலாம்லா?"

மார்ச் 2, ஞாயிறு

மாநிலப் போட்டிவரை பரிபூரணத்தோடு மோதிப் பழக ஆள் நான்தான் என்று சார் சொல்லிவிட்டார். அவள் தினமும் ராஜபாளையம் வருகிறாள். மில்லில் யாரும் பட்டப்பெயர் சொல்வதில்லை, மூக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள்.

மாமா கடையில் புது பிளெக்ஸ். ஆளுயரத்துக்குப் பரிபூரணம். 'மாவட்ட சாம்பியன் விரும்பிச் சாப்பிடும் பால்கோவா.' மனுசன் திருந்தவே மாட்டார். கீழே, சொந்தக்காரர்களின் வரிசையில், தபால்தலை அளவில் வீங்கிய மூக்கோடு நான்.

கிழித்துவிடலாம் என்றுதான் போனேன். நின்று பார்த்தேன். பழைய பிளெக்ஸில் இருந்தது ஓர் அடிகூட வாங்காத முகம். இதுதான் சண்டை போட்ட முகம்.

மாமாவிடம் அந்த போட்டோவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.