யார் முதலில் மிளகாய் பறிப்பது

செப்டம்பர் 12

பள்ளிக்கு இன்று கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். செப்டம்பரில்! மலை உச்சியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. மேகம்தான் என்கிறார் அப்பா. அது மேகம் இல்லை.

தோட்டத்தில் குடமிளகாய் பாதிக்கு மேல் சிவந்துவிட்டது. இந்நேரம் ஊரில் எல்லோரும் பறித்துச் சுட்டு, தோலுரித்து, அரைத்துக் கிண்ட ஆரம்பித்துவிட்டார்கள். தெரு முழுக்க அய்வார்த் தொக்கு வாசனை. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

“எப்பம்மா பறிக்கிறோம்?”

“என்னடி அவசரம்?” என்றாள் அம்மா. கண் என் மேல் இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அந்தப் பக்கம் வாஸ்கா பெரியம்மாவின் தோட்டம். அங்கேயும் யாரும் பறிக்கவில்லை.

செப்டம்பர் 14

எதற்கு இந்த வீம்பு என்று எழுதி வைத்தாலாவது எனக்குப் புரிகிறதா பார்க்கிறேன்.

ஈஸ்டர் விருந்தில், எல்லோர் முன்னாலும் பெரியம்மா என் அம்மாவைக் காட்டிச் சொன்னாள்: “ஸ்தோய்னா செஞ்ச அய்வார் இந்தத் தடவை கொஞ்சம் கசக்குது.” அவ்வளவுதான். அன்றிலிருந்து ஓரகத்திகள் இருவரும் பேசுவதில்லை. பெரியம்மா மகள் உபாவ்காவும் நானும் சேர்ந்து படிக்கக்கூடாது என்று உத்தரவு. வரும் வசந்தத்தில் பட்டண மேல்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு. கணக்கு அவள் சொல்லித்தருவாள், இலக்கணம் நான். இப்போது இரண்டு பேருமே தேறப்போவதில்லை.

இதில் மிளகாய் எங்கே வருகிறது? இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வாங்கிய சுடும் அடுப்பு அவர்கள் கொட்டகையில் இருக்கிறது. பெரிய அண்டா எங்கள் கொட்டகையில். அடுப்பில்லாமல் சுட முடியாது, அண்டா இல்லாமல் கிண்ட முடியாது. முதலில் பறிக்கிறவள்தான் போய்க் கேட்க வேண்டும். கேட்டால் தோற்றாள்.

இல்லை, எழுதியும் புரியவில்லை.

செப்டம்பர் 17

குளிர். விரல் மடங்கவில்லை, எழுத்து கோணல்.

செப்டம்பர் 19

வானொலியில் சொல்லிவிட்டார்கள், இரண்டொரு நாளில் உறைபனி விழும் என்று. தண்ணீர் உறைந்தால் விரியும், செடிக்குள் இருக்கும் நீர் விரிந்து உள்ளேயே கிழித்துவிடும். புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன்.

“உன் அம்மாகிட்ட காட்டு. நான் இதுல தலையிட மாட்டேன் தாயி.”

அம்மாவிடம் காட்டினேன்.

“எங்க காலத்துல அக்டோபர் பாதி வரைக்கும் பனியே விழாது. புத்தகத்துக்கு நம்ம ஊரைப் பத்தி என்னடி தெரியும்?”

பள்ளியில் இடைவேளையில் உபாவ்கா சொன்னாள், அவள் அம்மாவும் அதையே சொன்னாளாம். வார்த்தைகூட மாறவில்லை! பேசாமலேயே எப்படி இவ்வளவு ஒற்றுமை?

செப்டம்பர் 20

பழைய படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய்ச் செடிகளுக்குப் போர்த்தினேன். அம்மா ஓடிவந்து எல்லாவற்றையும் உருவினாள்.

“பைத்தியமா உனக்கு? அவ பாத்தா நாம பயந்துட்டோம்னு நினைக்க மாட்டா?”

அம்மா, நான் பயந்துதான் போயிருக்கிறேன்! குளிர்காலம் முழுக்க ரொட்டியில் எதைத் தடவப்போகிறோம்? வீம்பையா?

செப்டம்பர் 21

விழுந்துவிட்டது.

செப்டம்பர் 21, மாலை

காலையில் இலையெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. மேல்கிளைக் காய்கள் கண்ணாடி போல் இருந்தன. தொட்டால் தோல் வழுக்குகிறது. அடியில் இலை மறைவில் இருந்தவை பிழைத்திருந்தன. மற்றதையும் இன்றே சுட்டால் உண்டு, நாளைக்கு அழுகிவிடும். நான் அழுதேன். புத்தகம் சொன்னது சரியாகப் போனதில் துளியும் சந்தோஷம் இல்லை.

அம்மா கூடையோடு தோட்டத்தில் இறங்கினாள். அந்தப் பக்கம் பெரியம்மாவும் இறங்கியிருந்தாள், இரவு உடுப்புக்கு மேல் பெரியப்பாவின் கோட்டோடு. இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு பறித்தார்கள்.

பிறகு நடந்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அம்மா அண்டாவை உருட்டிக்கொண்டு போய் வேலியின் திறப்பில், சரியாக எல்லைக்கு இந்தப் பக்கம் வைத்தாள். கேட்கவில்லை, வைத்தாள். சற்று நேரத்தில் பெரியம்மா அடுப்பை இழுத்துவந்து அந்தப் பக்கம் வைத்தாள்.

“உன் பெரியம்மாகிட்ட சொல்லு, விறகு ஈரமா இருக்குன்னு.”

“உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குக் கண்ணு இருக்குன்னு.”

கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறவர்களுக்கு நானும் உபாவ்காவும் தபால்காரர்கள். பகல் முழுக்கச் சுட்டோம், உரித்தோம். விரல் எரிகிறது. பச்சைக் காயும் கலந்திருந்தது, அதனால் அண்டாவில் நிறம் சேறு மாதிரி வந்தது. அம்மா நிறுத்தாமல் கிண்டினாள். துடுப்பை அப்பாவிடம்கூடக் கொடுக்கவில்லை.

அப்போதுதான் பெரியம்மா எல்லையைத் தாண்டி வந்து துடுப்பைப் பிடுங்கினாள்.

“தள்ளு ஸ்தோய்னா, அடிபிடிக்குது! மூக்கு என்ன, ஜலதோஷமா உனக்கு?”

“நீ விறகை அள்ளிப் போட்டா அடிபிடிக்காம என்ன செய்யும்?”

உபாவ்கா என் முழங்கையைக் கிள்ளினாள். நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை.

செப்டம்பர் 23

அய்வார் நன்றாக இல்லை. பச்சை வாடை. அதை வாய்விட்டுச் சொல்ல இரண்டு வீட்டிலும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

அக்டோபர் 4

வெயில் அடிக்கிறது! கோடை மாதிரி! இப்போது எதற்கு? தோட்டத்தில் கறுத்த குச்சிகள்தான் நிற்கின்றன. நியாயமே இல்லை.

அக்டோபர் 11

உபாவ்கா பிற்பகலிலிருந்து இங்கேதான். பின்னக் கணக்கு முடித்துவிட்டோம். வினைச்சொல்லை ஆரம்பித்ததும் அவள் மேசையிலேயே தூங்கிவிட்டாள்.

என்னாலும் படிக்க முடியவில்லை. அடுக்களையில் இரண்டு பேரும் காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பனி வரும் என்று முதலில் சொன்னது யார் என்ற சண்டை. நான்தான் என்கிறாள் அம்மா. நான்தான் என்கிறாள் பெரியம்மா. காது வலிக்கிறது.

எழுந்து போய்க் கதவைச் சாத்தலாம். சாத்தவில்லை.