குண்டனுக்கு நாலடித் தொட்டி

மாசி 2, வெள்ளி

விடியலில் பனி. எதிர்வீடு தெரியவில்லை. எட்டு மணிக்கு மேல் வெயில் சுளீர்.

குண்டனை அளந்தேன். கண்ணாடிக்கு வெளியே கையை வைத்துத்தான். வாலோடு ஒரு சாண், இரண்டு விரல் குறைவு. தொட்டி ஒன்றரை அடி. திரும்பும்போது வால் கண்ணாடியில் உரசுகிறது.

பேத்தி எட்டு வருடம் முன்பு கோயில் கடையில் வாங்கிய மூன்று தங்கமீன்களில் மிச்சம் இவன் ஒருவன்தான். அன்று என் சுண்டுவிரல் நகம் அளவு. பிளாஸ்டிக் பையின் முடிச்சு நீல ரப்பர். பேத்தி இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள். மீன் என்னிடம்.

போன சித்திரையில் மூன்று நாள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு தொங்கினான். பாட்டிலில் ஐஸ் வைத்து மிதக்கவிட்டேன். பிழைத்தான். இந்தச் சித்திரையை அந்தச் சின்னத் தண்ணீரில் தாண்டமாட்டான். பெரிய தொட்டி வேண்டும். செடியோடு. பங்குனி முடிவதற்குள்.

சரசுவிடம் சொன்னேன்.

"நமக்கே கூரை ஒழுவுது. மீனுக்கு மாளிகை கட்டுறாராம்."

"அவனுக்கு மூச்சு முட்டுதுடி."

"எடம் மாத்துனாதான் செத்துப் போவும். இருக்குற எடத்துல கெடக்கட்டும், வுடுங்க."

பள்ளிக்கூடம் போனதில்லை நான். எழுத்தெல்லாம் பஸ் போர்டிலும் மண் மூட்டையிலும் பார்த்துப் பிடித்தது. இந்த ஒரு வரி எழுதுவதற்குள் குண்டன் நான்கு முறை திரும்பிவிட்டான்.

மாசி 3, சனி

வளர்ப்பு மீன்கடை பாய் சொன்னது. மறப்பவன் இல்லை, இருந்தாலும் நோட்டில் இருக்கட்டும்.

தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி உயரம்.
தண்ணீர் பிடித்து இரண்டு வாரம் சும்மா ஓடவேண்டும். பழைய பில்டர் பஞ்சை அதிலேயே போடவேண்டும்.
செடி: மெத்தென்ற இலை எல்லாம் தின்றுவிடும். தடித்த இலைச் செடியைக் கல்லில் நூலால் கட்டவேண்டும், வேரைப் புதைக்கக்கூடாது. நாடா மாதிரி நீள இலைச் செடி நடலாம், ஆனால் பிடுங்கிப்போடும்.
கூட்டாளி மீன்: சூடு கேட்கிற மீன் கூடாது. வாலைக் கடிக்கிறது கூடாது.

"முக்கியமா, வாய்க்குள்ள போற சைஸ்ல எதையும் வுடாதீங்க பெரியவரே. அது பாட்டுக்கு முழுங்கிட்டு உங்களப் பாக்கும்."

"அயிரை வுடலாமா பாய்?"

பாய் சிரித்தார். பிறகு யோசித்தார். "தாராளமா. மண்ணுல பொதஞ்சி கெடக்கும், தொந்தரவு இல்ல. ஆனா கண்ணுக்குக் கீழ ஒரு முள்ளு வச்சிருக்கும். சின்னதா வுட்டா இவன் வாயில மாட்டிக்கும். வெரல் நீளத்துக்கு மேல பாத்து வாங்குங்க. பதினஞ்சி நாள் தனியா வச்சிப் பாத்துட்டு வுடுங்க."

ஏழு வயதில் கருவேப்பிலங்குறிச்சி வாய்க்காலில் அயிரை பிடித்திருக்கிறேன். எத்தனை அரித்தோம், எத்தனை தின்றோம்! கண்ணுக்குக் கீழே முள் இருப்பது இன்றுதான் தெரியும். எழுபத்துமூன்று வயதில்.

மாசி 6, செவ்வாய்

தொட்டி வந்தது. நான்கு ஆள் தூக்கினார்கள். கூடத்தில் கொத்தனார் கட்டிய மேடை மேல் உட்கார்ந்துவிட்டது. மேடை மட்டம் சரியா என்று ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். ஒரு நூல் கூட வித்தியாசம் இல்லை.

வெறும் தொட்டி. அந்தப் பக்கம் சரசு நடந்து போகிறாள், தெரிகிறது. ஏதோ அவளே தண்ணீருக்குள் போவது மாதிரி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னா பாக்குறீங்க?"

"ஒன்னத்தான்."

"கெழவனுக்குப் புத்தி கெட்டுப் போச்சி."

மாசி 7, புதன்

பீங்கான் தொழிற்பேட்டை போனேன். குப்பன் பட்டறை. என்னோடு வேலை பார்த்தவன், இப்போது தனியாக விளக்கும் பொம்மையும் வார்க்கிறான். ஓரத்தில் காய்ந்த களிக்கட்டி குவிந்து கிடந்தது. வெள்ளை வெளேர் என்று, தொட்டால் சந்தனம். ஒரு மூட்டை கேட்டேன்.

"எதுக்குண்ணே?"

"செடிக்கு."

நாற்பது வருடம் பீங்கான் வார்க்கக் களிக்கூழ் கரைத்தவன் நான். இதை விடத் தூய்மையான மண் உலகத்தில் கிடையாது என்பது என் எண்ணம். பாய் மணல் மட்டும் போடச் சொன்னார். வெறும் மணலில் செடிக்கு என்ன கிடைக்கும்? கீழே மூன்று விரல் களி, மேலே கழுவிய மணல். நாடா இலைச் செடி இருபது நட்டுத் தண்ணீர் பிடித்தேன். பாயிடம் சொல்லவில்லை.

மாசி 10, சனி

என்ன சொல்வது.

டியூப்லைட் போட்டு நாலு மணி நேரம் ஆகியிருக்கும். நாடா இலைகளின் நுனியில் வெள்ளி மணி. ஒவ்வொன்றாக முளைத்து, பெருத்து, கழன்று, நூல் பிடித்த மாதிரி மேலே ஏறுகிறது. இலை மூச்சு விடுகிறது! கண்ணுக்குத் தெரிய மூச்சு விடுகிறது.

சூளையின் பார்வை ஓட்டை வழியாகப் பூச்சு உருகுவதைப் பார்த்திருக்கிறேன். பாத்திரம் முழுக்க வியர்த்த மாதிரி பளபளவென்று வரும். அதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய காட்சி என்று நினைத்திருந்தேன். அது நெருப்பு செய்தது. இதை யார் செய்வது?

மத்தியானச் சாப்பாடு நான்கு மணிக்கு.

மாசி 11, ஞாயிறு

பஸ்ஸில் ஸ்ரீமுஷ்ணம். அங்கே ஏரி மீன் உயிரோடு வரும். மீன்காரம்மா குண்டானில் அயிரை கொதிக்கிற மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது.

"கொழம்புக்கா தாத்தா? எத்தினி கூறு?"

"பத்து மீன் போதும். பெருசா. வளக்க."

அவள் பக்கத்துக் கடைக்காரியிடம்: "ஏய், இங்க வாடி. அயிரைய வளக்குறாராம்டி!"

"பேரு வக்கிறீங்களா தாத்தா?"

"நாளைக்கி நெத்திலி வேணும்னா சொல்லுங்க, கூட்டியாரேன், அதையும் வளங்க."

சிரித்தார்களே தவிர, இரண்டு பேரும் உட்கார்ந்து பெரிதாகப் பொறுக்கித் தந்தார்கள். பதினொன்று. ஒன்று சும்மா கொடுத்தது. தூக்குவாளியில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் வாளி தானாகச் சிலிர்த்தது.

தனி பேசினில், கொஞ்சம் மணலோடு. இறக்கிவிட்ட மறுநொடி பதினொன்றும் காணோம். மணலில் கண்கள் மட்டும், கடுகு மாதிரி.

மாசி 13, செவ்வாய்

எழுத்து கோணல்.

இரண்டு வாரம் பொறு என்றார் பாய். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பொறுக்க முடியவில்லை. காலை பத்து மணிக்குக் குண்டனைப் பெரிய தொட்டியில் விட்டேன். ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கலாம் என்று.

அவன் போனதும் தலையைக் கீழே குத்தினான். மணலை வாயில் அள்ளி, மென்று, துப்பினான். மறுபடி. அவன் புத்தி அது, சின்னத் தொட்டியில் மணல் இல்லாததால் நான் பார்த்ததில்லை. மூன்றாவது தடவை வெள்ளையாகத் துப்பினான்.

அரை மணி நேரம். தொட்டி முழுக்கப் பால். நான்கடிப் பால். அதற்குள் குண்டன் எங்கே என்று தெரியவில்லை.

படிந்துவிடும் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. குப்பன் பட்டறைக் களிக்கட்டி வெறும் களி இல்லை, காய்ந்த வார்ப்புக் கூழ். அதில் சிலிகேட் கலந்திருக்கிறது. மண் அடியில் தங்காமல் மிதக்கவேண்டும் என்றுதான் சிலிகேட் கலப்பது. நாற்பது வருடம் என் கையால் அளந்து ஊற்றியவன் நான். அடியில் தங்கவே கூடாத மண்ணைக் கொண்டுபோய் அடியில் போட்டிருக்கிறேன்.

இரண்டு கையையும் விட்டுத் துழாவினேன். சரசு அந்தப் பக்கம் துழாவினாள். அவள்தான் பிடித்தாள். செவுள் முழுக்க வெள்ளை அப்பியிருந்தது. சின்னத் தொட்டியில் போட்டோம். பக்கவாட்டில் சாய்ந்தான்.

சரசு கையில் ஒட்டிய வெள்ளையைக் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஏதாவது திட்டியிருக்கலாம்.

மாசி 14, புதன்

சாய்ந்தபடியேதான். செவுள் அசைகிறது. பாதித் தண்ணீர் மாற்றினேன்.

பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. காற்று மோட்டார் நின்றது. நான் எலெக்ட்ரிக் ஆபீஸ் போய்க் கேட்டேன், லைன் வேலை, இரண்டு மணியாகும் என்றார்கள். திரும்பி வந்தால், சரசு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொம்பில் தண்ணீரை முகந்து உயரத்திலிருந்து அதே தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். சலசலவென்று. நுரை வரும்படி.

"காத்து வேணும்ல அதுக்கு."

"குடு, நான் ஊத்துறேன்."

"நீங்க ஊத்துனது போதும்."

இரண்டு மணி வரை அவள் கை நிற்கவில்லை.

மாசி 16, வெள்ளி

குண்டன் நிமிர்ந்துவிட்டான். வேகவைத்த பட்டாணி, தோல் உரித்தது, பாதி தின்றான். சரசு போட்டால் தின்கிறான். நான் போட்டால் பார்க்கிறான்.

பாயிடம் போய் உண்மையைச் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பெரியவரே, நான் இந்தக் கடை வச்சி இருவது வருஷம். கோழிக் கறி போட்டவன் வந்திருக்கான், காப்பி ஊத்துனவன் வந்திருக்கான். களிக்கூழ் கரைச்சவரு நீங்கதான்."

பிறகு வழி சொன்னார். தரையில் மெல்லிய மணல் மட்டும். நாடா இலைச் செடியைச் சின்னச் சட்டியில் நட்டு, சட்டி வாயில் கூழாங்கல் அடுக்கவேண்டும். அவன் பிடுங்கமுடியாது.

"சட்டி எங்க கெடைக்கும்?"

"என்னக் கேக்குறீங்களா? நீங்களா?"

மாசி 20, செவ்வாய்

மூன்று நாள் மக்கில் அள்ளி, தொட்டியை ஒன்பது முறை கழுவினேன். விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். மண் ருசி இல்லை.

குப்பனிடம் எட்டுச் சட்டி. உள்ளங்கை அகலம், பக்கத்தில் துளை. பூச்சு வேண்டாம், வெறும் மண்ணாக நல்ல சூட்டில் சுடு என்றேன். இன்று வாங்கும்போது சுண்டிப் பார்த்தேன். எட்டும் வெண்கலமாக ஒலித்தன.

"மீனு பொழச்சிக்கிச்சாண்ணே? நான் கேட்டனா இல்லியா எதுக்குன்னு? செடிக்குன்னீங்க."

"சொன்னேன்டா. சாமி மாதிரி இருந்தது அந்த மண்ணு."

செடிகளைச் சட்டியில் நட்டுத் தண்ணீர் பிடித்தாயிற்று. பஞ்சு போட்டு மோட்டார் ஓடுகிறது. இந்தத் தடவை பொறுப்பேன்.

பங்குனி 8, சனி

வெயில் ஏறிவிட்டது. தார் ரோடு மத்தியானம் செருப்பைப் பிடிக்கிறது. சின்னத் தொட்டியில் கை விட்டால் வெதுவெதுப்பு. குண்டன் மேலே வர ஆரம்பித்துவிட்டான். பெரிய தொட்டியில் அடியில் இன்னும் குளிர்ச்சி.

காலையில் அயிரைகள் இறங்கின. பதினொன்றும் உயிரோடு. மணலைக் கலக்கிவிட்டுப் பார்த்தேன், ஒரு நிமிடத்தில் தெளிந்தது.

பங்குனி 9, ஞாயிறு

குண்டனை விட்டோம். சரசு துண்டோடு நின்றாள், எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மணலை அள்ளினான். துப்பினான். தண்ணீர் சுத்தம். ஒரு சட்டியை முட்டிப் பார்த்தான், அசையவில்லை. எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது.

அப்புறம் நடந்ததுதான் விளங்கவில்லை. இடது மூலையிலிருந்து கிளம்பி வலது பக்கம் நீந்துகிறான். ஒன்றரை அடி போனதும் டக்கென்று திரும்புகிறான். அங்கே கண்ணாடி கிடையாது. தண்ணீர்தான். மறுபடி வருகிறான், அதே இடம், திரும்புகிறான். நூல் பிடித்த மாதிரி.

சாண் போட்டு அளந்தேன். பழைய தொட்டியின் நீளமேதான்.

பங்குனி 11, செவ்வாய்

இன்றும் அதேதான். இரண்டு நாளாக அந்த ஒன்றரை அடியிலேயே மூச்சு வாங்குகிறான். மேடையின் அந்த மூலையில்தான் மத்தியான வெயில் விழுகிறது. சாக்குக் கட்டினேன், போதவில்லை. வலது பக்கம் நிழல், குளிர்ச்சி, செடி, எல்லாம் இருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை.

இல்லாத சுவர் அவனுக்குள் இருக்கிறது. எட்டு வருடம் நான் எழுப்பியது.

தீனியை வலது பக்கம் போட்டுப் பார்த்தேன். அவன் திரும்புகிற அந்தக் கோட்டருகே வந்து நின்று பார்த்தான். போகவில்லை. பசி பெரிதா, அந்தக் கோடு பெரிதா? கோடு.

"கையால தள்ளி வுடுங்க" என்றாள் சரசு. பிறகு அவளே, "வாணாம். பயந்துடும்."

பங்குனி 12, புதன்

காலை ஏழரை. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் மணலில் ஓர் அயிரை தலையை நீட்டியது. குண்டன் தலையைக் குத்தி அதன் பின்னால் மோப்பம் பிடித்தான். அது மணலுக்குள் சுழித்துக்கொண்டு ஒரு விரல் தள்ளி எழுந்தது. இவன் மணலை அள்ளித் துப்பிக்கொண்டே பின்னால். கண் முழுக்கத் தரையில். அது இன்னும் தள்ளி, இவன் இன்னும் தள்ளி.

நான் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அசைந்தால் தெரிந்துவிடுமோ என்று.

அயிரை மறைந்துபோனது. குண்டன் தலையைத் தூக்கினான். சுற்றிலும் நாடா இலை. அந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தான். அப்படியே நின்றான், துடுப்பு மட்டும் ஆடியது. எத்தனை நேரம் என்று தெரியாது. சூளைக் கதவு திறக்கும் முன் எல்லோரும் பேசாமல் நிற்போமே, அவ்வளவு.

பிறகு வாலை ஒரு வீச்சு வீசினான். வலது கோடி வரை. அங்கிருந்து இடது கோடி வரை. எட்டு வருடமாக என் வீட்டில் இருந்த மீன் இவ்வளவு வேகம் போகும் என்று எனக்குத் தெரியாது.

"சரசு!"

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். பார்த்தாள். வாயில் கையை வைத்தாள். தரையிலேயே உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள், "அஞ்சி... ஆறு... ஏங்க, நிக்கவே மாட்டேங்குதுங்க."

குழம்பு தீய்ந்த வாடை. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.